ஒரே கூரை, ஒரே சாவி

இணையதளத்துக்கு இடம் தேடிப் போகிறவர் முன்னால் ஹோஸ்டிங் நிறுவனங்கள் விரிக்கும் விலைப்பட்டியல்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. இத்தனை ஜி.பி. இடம், அளவில்லாத டிராஃபிக், இலவச எஸ்.எஸ்.எல். சான்றிதழ், தினசரி பேக்கப், 99.9 சதவீத இயக்க உத்தரவாதம். கடைசி எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் தளம் படுத்துக் கிடந்தாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை என்றாகிறது. மீறப்பட்டாலும் பொதுவாகக் கிடைப்பது வாடகையில் ஒரு சிறு கழிவுதான். பாதுகாப்பு என்ற வரிக்கு எதிரே ஒரு பச்சை டிக் இருக்கும். அதற்கு மேல் விளக்கம் இராது. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஹோஸ்டிங் உலகில் நடந்த பெரிய அழிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒன்று துலங்குகிறது. நுழைந்தவரின் கெட்டிக்காரத்தனத்தைப் பொறுத்து அழிவின் அளவு கூடிக் குறையவில்லை. தனித்தனியே நிற்க வேண்டிய பாதுகாப்புகள் ஒரே தூணில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த இடங்களில்தான் எல்லாம் போயிருக்கிறது. ஆகவே சர்வரைத் தேர்ந்தெடுப்பவரும் நடத்துபவரும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிய கேள்வி, இது போனால் கூடவே எதெல்லாம் போகும் என்பதே.

2021 மார்ச் 10, நள்ளிரவு தாண்டிய நேரம். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், ரைன் நதியை ஒட்டி இருந்த ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுவதுமாக எரிந்தது. பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி போயிற்று. ஆற்றில் தீயணைப்புப் படகு வந்து நின்று தண்ணீரை இறைத்தது. உயிர்ச்சேதம் இல்லை. நெட்கிராஃப்ட் நிறுவனத்தின் கணக்குப்படி 36 இலட்சம் இணையதளங்கள் முடங்கின. ‘ரஸ்ட்’ என்ற கணினி விளையாட்டை நடத்துபவர்கள் தங்கள் ஐரோப்பிய சர்வர்கள் 25-இன் தரவு மீளாது என்று அறிவித்தார்கள். நிறுவனர் ஒக்தாவ் கிளபா அன்றிரவே வாடிக்கையாளர்களிடம், அவரவர் பேரிடர் மீட்புத் திட்டத்தைத் தொடங்கச் சொன்னார். திட்டம் வைத்திருந்தவர்கள் சில மணி நேரத்தில் வேறு நகரத்தில் எழுந்துகொண்டார்கள். மற்றவர்களுக்கு அந்தச் சொல்லே அன்றுதான் அறிமுகம். இவர்களில் பேக்கப்புக்குத் தனியாகப் பணம் கட்டியவர்களும் உண்டு என்பதுதான் கவனிக்க வேண்டியது. அப்படி ஒருவரின் வழக்கில், மூலமும் பேக்கப்பும் ஒரே கட்டடத்தில் இருந்தது தெரியவந்து, லீல் நகர வணிக நீதிமன்றம் 2023-இல் ஓ.வி.எச். இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இழப்பீடு வந்தாலும் தரவு வராது. பேக்கப் உண்டா என்று கேட்டவர்களுக்கு உண்டு என்ற பதில் பொய்யில்லாமலே கிடைத்திருக்கும். எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் என்று கேட்டிருந்தால்தான் விஷயம் வெளியே வந்திருக்கும்.

நெருப்பு கண்ணுக்குத் தெரிகிற கூரையை எரித்தது. கண்ணுக்குத் தெரியாத கூரையும் உண்டு. அது நிர்வாகக் கணக்கு. கோட் ஸ்பேசஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. மென்பொருளாளர்களின் நிரல்களைப் பத்திரமாக வைத்துத் தருவதே அதன் தொழில். அமேசான் கிளவுட்டில் இயங்கியது. தன் பேக்கப் ஏற்பாடுகளைப் பெருமையோடு விளம்பரப்படுத்தியது. 2014 ஜூன் மாதம் ஒருவன் அதன் அமேசான் நிர்வாகத் திரைக்குள் நுழைந்து பணம் கேட்டான். நிறுவனத்தார் கடவுச்சொற்களை மாற்றத் தொடங்கினார்கள். அவன் முன்கூட்டியே தனக்கென்று வேறு கணக்குகளை உள்ளே உருவாக்கி வைத்திருந்தான். மாற்றுவதைக் கண்டதும் அழிக்கத் தொடங்கினான். சர்வர்கள், வட்டுகள், அவற்றின் நகல்கள், வெளியே இருப்பதாக நம்பிய பேக்கப்களில் பெரும்பகுதி என எல்லாம் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போயின. நிறுவனம் மூடப்பட்டது. அமேசானின் கட்டடம் ஒன்றிலும் கீறல் கூட விழவில்லை. நகல்கள் எத்தனை இருந்தாலும் எல்லாவற்றையும் அழிக்கும் அதிகாரம் ஒரே திரையில் இருந்தது. ஆகவே கணக்கில் அவை ஒரே நகல்தான்.

வாடிக்கையாளர் இப்படிச் சறுக்கலாம், ஹோஸ்டிங் நிறுவனமே தொழில்முறையில் கவனமாக இருக்காதா என்று தோன்றும். தென்கொரியாவின் நயானா ஒரு ஹோஸ்டிங் நிறுவனம். 2017 ஜூனில் எரிபஸ் என்ற ரான்சம்வேர் அதன் 153 லினக்ஸ் சர்வர்களைப் பூட்டியது; 3,400 வணிக நிறுவனங்களின் தளங்கள் அவற்றில் இருந்தன. பேக்கப்களும் சேர்ந்தே பூட்டப்பட்டன. பேரம் பேசிக் கடைசியில் 397.6 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் பத்து இலட்சம் டாலர், கட்டினார்கள். டிரெண்ட் மைக்ரோ ஆய்வாளர்கள் அந்தத் தளத்தை வெளியிலிருந்து பார்த்தே சிலவற்றைச் சுட்டிக்காட்டினார்கள்: 2008-இல் தொகுக்கப்பட்ட லினக்ஸ் கெர்னல், 2006-ஆம் ஆண்டு வெளியான அபாச்சி, அதே ஆண்டு பி.எச்.பி. பதினோரு வயது மென்பொருளின் மேல் 3,400 பேரின் வியாபாரம் நின்றிருந்தது. டென்மார்க்கின் கிளவுட்நார்டிக் கதை இன்னும் நேராக நம் கேள்விக்கு வருகிறது. 2023 ஆகஸ்டில் அந்நிறுவனம் சர்வர்களை ஒரு டேட்டா சென்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. அதுவரை தனித்தனி வலைகளில் இருந்த இயந்திரங்கள், அந்த இடமாற்றத்தின்போது, எல்லாவற்றையும் நிர்வகிக்கும் உள்வலையில் ஒன்றாகச் செருகப்பட்டன. அவற்றில் சில முன்பே நோய்பட்டிருந்தன. தாக்கியவர்கள் அந்த வழியாகவே மைய நிர்வாகத்துக்கும் பேக்கப் அமைப்புக்கும் ஏறினார்கள். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் அனைத்தையும் இழந்தார்கள் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. பிரித்து வைத்திருந்த நாள்வரை நோய் ஒரு மூலையில் கிடந்தது. சேர்த்து வைத்ததும் பரவியது.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கு பள்ளிக்கூட நிகழ்தகவுதான். ஓர் ஆண்டில் சர்வர் அழிய நூற்றில் ஒரு வாய்ப்பு, பேக்கப் அழிய நூற்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்றால், இரண்டும் சேர்ந்து அழியப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு. அதே கட்டடம், அதே கடவுச்சொல், அதே வலை என்று ஒரு பொதுக் காரணம் இரண்டையும் தொட்டுவிட்டால், பெருக்கல் செல்லாது. வாய்ப்பு மறுபடி நூற்றில் ஒன்றுக்கே வந்து நிற்கும். மூன்றாவது, நான்காவது நகலை அங்கேயே வைத்தாலும் அந்த எண் இறங்காது. விலைப்பட்டியலில் உள்ள பேக்கப் எண்ணிக்கை இந்தச் சார்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இந்தக் கண்ணோடு பார்த்தால், எந்த வகை ஹோஸ்டிங் என்ற பழைய கேள்விக்கும் வேறு விடை கிடைக்கிறது. மிக மலிவான ஷேர்டு ஹோஸ்டிங் ஒண்டிக்குடித்தனம் போன்றது. நூற்றுக்கணக்கான தளங்களுக்கு ஒரே இயங்குதளம், ஒரே கெர்னல், ஒரே ஐ.பி. முகவரி. பக்கத்துப் போர்ஷன்காரர் பழைய பிளகினைப் போட்டு வைத்து அதன் வழியாக ஒருவன் உள்ளே வந்தால், உங்கள் அறைக்கும் அவனுக்கும் நடுவே இருப்பது இயங்குதளத்தின் பயனர் பிரிவினை மட்டுமே. ஒவ்வொரு வாடிக்கையாளரின் பி.எச்.பி.யும் அவரவர் பயனர் பெயரில், அவரவர் கோப்புறைக்குள் மட்டும் இயங்குகிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நல்ல நிறுவனம் தயங்காமல் பதில் சொல்லும். வி.பி.எஸ். என்று அடுத்த படிக்குப் போனால் கெர்னல் தனி. கீழே உள்ள சிப் மட்டும் பொது. அந்தத் தடுப்பும் கசியலாம் என்பதை 2018 ஜனவரியில் வெளிவந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் குறைகள் காட்டின. ஆனாலும் ஒரு பழைய வேர்ட்பிரஸ் பிளகினை உடைப்பதற்கும் சிப்பின் உள்நடத்தையை அளந்து இரகசியம் பறிப்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. வாடகை கொஞ்சம் கூடினாலும் பொதுவான பகுதி சுருங்குகிறது என்பதே வி.பி.எஸ்.ஸின் ஆதாயம். அதற்கு ஈடாக ஒரு சுமையும் வருகிறது: இயங்குதளத்தைப் புதுப்பிப்பது இனி உங்கள் பொறுப்பு. அதைச் செய்ய ஆளில்லாதவர் வி.பி.எஸ். வாங்கினால், நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்த சர்வரை விட்டுவிட்டு யாரும் பார்க்காத சர்வருக்குக் குடிபெயர்கிறார் என்றே பொருள்.

சர்வருக்குள்ளேயும் இதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான எக்விஃபாக்ஸ் 2017-இல் 14.7 கோடிப் பேரின் விவரங்களைப் பறிகொடுத்ததைப் பலரும் திருத்தம் போடாததன் கதையாகவே சொல்வார்கள். அபாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஓட்டைக்கு மார்ச்சிலேயே திருத்தம் வந்தது, மே மாதம் அந்த ஓட்டை வழியாகவே நுழைந்தார்கள் என்பது உண்மை. ஆனால் நுழைந்தது புகார்கள் வாங்கும் ஓர் இணையப் பக்கத்தின் சர்வரில். அங்கே ஒரு கோப்பில் பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் மறைக்கப்படாமல் கிடந்தன. அவற்றை வைத்து அந்தப் பக்கத்துக்குத் தொடர்பே இல்லாத 48 டேட்டாபேஸ்களைத் திறந்தார்கள். வெளியே போகும் டிராஃபிக்கைக் கண்காணிக்க வேண்டிய கருவியோ, சான்றிதழ் காலாவதியாகி, மாதக்கணக்கில் குருடாக இருந்தது. ஓட்டை ஒன்றுதான், அது 48 அறைகளுக்கு வாசலானது உள் அமைப்பால். சிறு தளங்களிலும் இதன் சின்ன வடிவத்தைக் காணலாம். டேட்டாபேஸோடு பேசும் கணக்குக்கு அட்டவணைகளையே அழிக்கும் உரிமை கொடுத்திருப்பார்கள். ஹோஸ்டிங் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றும் மின்னஞ்சல், அதே சர்வரில் இருக்கும் அஞ்சல் பெட்டிக்கே போகும். சர்வர் பறிபோன அன்று அந்தப் பெட்டியும் கைவிட்டுப் போயிருக்கும். டொமைன் பெயரை அதே நிறுவனத்திடம் அதே கணக்கில் பதிந்திருப்பார்கள். டொமைன் வேறிடத்தில் இருந்தால், சர்வரே எரிந்தாலும் பெயரைப் புது முகவரிக்குத் திருப்பி அன்றே கடையைத் திறக்கலாம். செலவு வைக்காத இந்தப் பிரிவினைகளைப் பற்றி எந்த விலைப்பட்டியலும் பேசுவதில்லை; எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கினால் தள்ளுபடி என்றுதான் பேசுகிறது.

எங்கள் தளத்தை யார் சீண்டப் போகிறார்கள், அதில் திருட என்ன இருக்கிறது என்பது வழக்கமான முதல் மறுப்பு. தேர்ந்தெடுத்துத் தாக்குபவர்களை மனத்தில் வைத்து எழுகிற கேள்வி இது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, ஒரு கிகாபிட் இணைப்புள்ள ஒற்றைக் கணினியிலிருந்து, ஐ.பி.வி.4 முகவரிவெளி முழுவதையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிட்டது. அன்றிலிருந்து சிறு தளம், பெரிய தளம் என்ற வேற்றுமைக்குத் தேடுபவர் கணக்கில் மதிப்பில்லை. புதிதாக ஒரு சர்வரை ஏற்றியவர் அதன் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், அன்றே, தொலைவிலிருந்து நுழைவதற்கான எஸ்.எஸ்.எச். வாசலில் கடவுச்சொற்களை முயன்று பார்த்த அந்நிய முகவரிகள் வரிசையாக நிற்கும். தளத்தின் பெயர் கூட அந்த நிரல்களுக்குத் தெரியாது. அவற்றுக்கு வேண்டியது குப்பை அஞ்சல் அனுப்ப ஓர் இயந்திரம், கிரிப்டோ நாணயம் தோண்ட ஒரு செயலி, இன்னொருவரைத் தாக்க ஒரு மறைவிடம். எஸ்.எஸ்.எச்.சில் கடவுச்சொல்லை நிறுத்தி, சாவிக் கோப்பு இருந்தால் மட்டுமே நுழையலாம் என்று வைத்துவிட்டால் இந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி முட்டிக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. அமேசான், கூகுள் போன்றவர்களிடம் நம்மைவிடத் தேர்ந்த பாதுகாப்பு நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் விட்டுவிடுவதுதானே அறிவுடைமை? கட்டடம், மின்சாரம், வன்பொருள் என்ற அளவில் இது சரி. ஆனால் 2019-இல் கேப்பிடல் ஒன் வங்கியிடமிருந்து அமெரிக்காவில் சுமார் பத்துக் கோடிப் பேர், கனடாவில் அறுபது இலட்சம் பேர் விவரங்கள் போனது அமேசான் கிளவுட்டிலிருந்துதான். வங்கியின் தடுப்பு மென்பொருள் ஒன்று தவறாக அமைக்கப்பட்டிருந்தது. அதை ஏமாற்றி, சர்வர் தனக்காக வைத்திருந்த தற்காலிக அடையாளத்தைத் தாக்கியவர் பெற்றார். அந்த அடையாளத்துக்குத் தேவைக்கு மேல் பெரிய கிடங்குகளைப் படிக்கும் உரிமை இருந்தது. நிறுவனம் பார்த்துக்கொள்ளும் நிர்வகிக்கப்பட்ட ஹோஸ்டிங்கிலும் இடர் வேறு இடத்துக்கு நகர்கிறதே தவிர மறைவதில்லை: கோடாடி நிறுவனத்தின் வேர்ட்பிரஸ் பிரிவில் 2021 செப்டம்பரில் நுழைந்தவர் நவம்பர் வரை இருந்தார், 12 இலட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். பெரியவர்களிடம் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பெரும்பாலோருக்கு அதுவே நல்லது. அவர்கள் எதைப் பார்த்துக்கொள்கிறார்கள், எதை நம்மிடம் விடுகிறார்கள் என்ற எல்லைக்கோட்டை ஒப்பந்தத்தில் தேடிப் படிக்காமல் போவதில்தான் ஆட்சேபம்.

புதுப்பித்தலைப் பற்றியும் ஒரு வாதம் உண்டு. புதுப்பித்தால் தளம் உடைகிறது, போதாததற்கு இப்போது நஞ்சே புதுப்பித்தலாக வருகிறது என்பார்கள். 2024 மார்ச்சில் அது நடக்காமல் மயிரிழையில் தப்பியது. எக்ஸ்.இஸட். என்ற சுருக்க மென்பொருளில் பின்வாசல் ஒன்றை, நம்பிக்கை பெற்ற பராமரிப்பாளர் ஒருவரே நுழைத்திருந்தார். எஸ்.எஸ்.எச். நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கண்டு சந்தேகப்பட்ட ஆண்ட்ரேஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர்தான் அதைத் தோண்டி எடுத்தார். அரை நொடியை யார் கவனிப்பார்கள்! ஆனால் அந்த நஞ்சு எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். டெபியன், ஃபெடோரா போன்றவற்றின் சோதனைப் பதிப்புகளில் ஏறியிருந்தது. நிலையான பதிப்புகளைத் தொடவில்லை. நிலையான பதிப்பில் இருந்துகொண்டு பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் உடனுக்குடன் ஏற்பவருக்கு இரு ஆபத்தும் குறைவு. புதுமைக்கும் திருத்தத்துக்கும் வேறு வேறு வழி இருப்பதால் கிடைக்கும் பயன் இது. தளம் உடையும் என்ற பயத்துக்கு, முதலில் ஒரு சோதனை நகலில் புதுப்பித்துப் பார்ப்பதே மருந்து. நயானாவின் மென்பொருளும் உடைந்துவிடுமோ என்ற தயக்கத்திலேயே அத்தனை வயதை எட்டியிருக்கக் கூடும் என்பது என் ஊகம்.

நகல்களைப் பல இடத்தில் வைத்தால் கசிவதற்கும் பல இடம் உண்டாகிறதே என்ற எதிர்வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. இரண்டு ஏற்பாடுகள் இதைச் சமாளிக்கும். நகல் சர்வரை விட்டுக் கிளம்பும் முன்பே குறியாக்கம் செய்யப்பட வேண்டும். திறக்கும் சாவி எந்தச் சர்வரிலும் இருக்கக் கூடாது. அடுத்தது திசை. பெரும்பாலும் இணைய சர்வரே பேக்கப் இடத்துக்குள் நுழைந்து நகலை வைத்துவிட்டு வருகிறது. அதாவது பேக்கப்பின் சாவி, தாக்கப்பட வாய்ப்புள்ள இயந்திரத்திலேயே தொங்குகிறது. திசையைத் திருப்பி, பேக்கப் இயந்திரம் வந்து நகலை எடுத்துக்கொண்டு போகும்படி வைத்தால், இணைய சர்வரைப் பிடித்தவனுக்கு அங்கே போகும் வழி கிடைக்காது. குறிப்பிட்ட நாள்வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதியும் கிளவுட் கிடங்குகளில் உண்டு. மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்ற 3-2-1 விதியைப் பரப்பியவர் பீட்டர் குரோ என்ற புகைப்படக் கலைஞர். கணினித் துறைக்காரர்கள் அதைப் பின்னால் தத்தெடுத்துக்கொண்டார்கள். அவர் அதை எழுதிய காலத்தில் ரான்சம்வேர் இவ்வளவு பெருகவில்லை. இன்று எழுதினால் ஒன்றாவது வேறு கையில் என்று சேர்த்திருப்பார்.

இருந்தும் வேலை செய்யாத பேக்கப் என்று ஒரு வகை உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், உபரி சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் கோப்புறையை அழித்தார். நிறுத்துவதற்குள் 300 ஜி.பி.யில் நாலரை ஜி.பி. மிஞ்சியது. மீட்க ஐந்து வழிகள் காகிதத்தில் இருந்தன. ஒன்றும் ஒழுங்காக இயங்கவில்லை. தினசரி பேக்கப், பதிப்பு பொருந்தாததால் நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதாகச் சொல்லும் மின்னஞ்சல்களை, கையொப்பமிடப்படாதவை என்று அஞ்சல் அமைப்பு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு அதே பொறியாளர் எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டி, காரணங்களை முழுமையாக வெளியிட்ட அவர்களின் நேர்மையால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது. இரகசியமாக மூடிவைத்த நிறுவனங்கள் எத்தனையோ.

பிரித்து வைக்க வேண்டும் என்ற நியாயம் பதிவேடுகளுக்கும் பொருந்தும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, ஊடுருவல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். 180 நாள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். உள்ளே வந்தவன் முதலில் அழிப்பது தன் தடத்தைத்தான். பதிவுகள் அதே சர்வரில் இருந்தால் அறிவிக்க எதுவும் மிஞ்சாது. ஒவ்வொரு வரியும் எழுதப்படும்போதே வேறோர் இயந்திரத்துக்கும் போய்விட வேண்டும்.

இத்தனையும் ஒரு சிற்றிதழோ உள்ளூர்ப் பள்ளியோ செய்யக் கூடியதா என்றால், முழுவதும் முடியாது. முழுவதும் தேவையும் இல்லை. தளத்தை நிர்வகிக்கப்பட்ட ஹோஸ்டிங்கில் வைத்து, டொமைனை இன்னொரு பதிவாளரிடம் வைத்து, மீட்பு மின்னஞ்சலை மூன்றாவது இடத்தில் வைத்து, எல்லாவற்றுக்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட ஒரு மாலை போதும். வாரம் ஒருமுறை கோப்புகளையும் டேட்டாபேஸையும் அலுவலகத்தில் உள்ள ஒரு வட்டுக்கு இறக்கி, வேலை முடிந்ததும் வட்டைக் கழற்றி வைப்பதற்கு ஆகும் செலவு வட்டின் விலைதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலை வேறொரு மலிவு ஹோஸ்டிங்கில் ஏற்றி, முகப்பு மட்டும் திறக்கிறதா என்று பார்த்து நிறுத்தாமல், கடைசியாகச் சேர்த்த கட்டுரை, அதற்குரிய படம், பழைய சந்தாதாரர் ஒருவரின் நுழைவு ஆகிய மூன்றும் வருகின்றனவா என்று பார்த்துவிட்டு, முடிந்ததும் அந்த நகலை அங்கிருந்து அழித்துவிட வேண்டும்.